பெட்டா மீனுக்குக் கட்டி வந்தால்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் இருந்த டிராகன் ஸ்கேல் (தடித்த செதில்) வகை ஆண் பெட்டாவின், அதாவது ஃபைட்டர் மீனின், இடது விலாவில் மிளகளவு கட்டி ஒன்று எழும்பியபோது, அதன் மேலிருந்த செதில்கள் மட்டும் தூக்கி நின்றன. மற்றவை உடலோடு படிந்தே இருந்தன. பார்த்தவர்கள் டிராப்சி, அதாவது உடலில் நீர் கோக்கும் நோய் என்றார்கள். டிராப்சியில் வயிறு இருபுறமும் உப்பி, உடல் முழுவதும் செதில்கள் விரிந்து நிற்கும் என்பதால், மீனைப் பக்கவாட்டில் மட்டுமன்றித் தொட்டியின் மேலிருந்தும் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே பக்கத்தில், வாரக்கணக்கில் மெல்லப் பருக்கும் கட்டி பெரும்பாலும் ட்யூமராகவே இருக்கும். அதற்கு ஆன்டிபயாட்டிக் ஊற்றினால் கட்டி கரையாது. ஃபில்டரில் கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும் ஆபத்துதான் கூடும். ஆகவே ஹீட்டரை 27 டிகிரியில் வைத்தேன். பெட்டா நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை உள்ளிழுக்கும் மீன்; கட்டியைச் சுமந்துகொண்டு அது நெடுந்தூரம் ஏறி வரவேண்டாம் என்று நீர்மட்டத்தைப் பாதியாகக் குறைத்து, பரப்பையொட்டி அகன்ற இலை ஒன்றைப் பொருத்தினேன். பகலெல்லாம் அந்த இலையில் சாய்ந்து கிடக்கும். தீனி டப்பாவைக் கையில் எடுத்ததும் எழுந்து வரும். கட்டி குறையவில்லை. ஆனாலும் பல மாதங்கள் பசி குன்றாமல் வாழ்ந்தது.

* * *

விலாக் கட்டி பற்றி மேலே எழுதியவரே, தாங்கள் கூறிய கட்டியிலிருந்து வேறுபட்ட ஒன்றை நான் கண்டேன். என் மீனின் வால் துடுப்பு விளிம்பில் காலிஃபிளவர் போலத் திரண்ட வெண்கட்டி வந்தது. உடலெங்கும் தனித்தனியாகப் பொடிப்பொடி வெண்புள்ளிகள் தோன்றினால் அது இக் என்னும் ஒட்டுண்ணி நோய், மருந்துக்குக் கட்டுப்படும். இதுவோ வைரஸால் வரும் லிம்போசிஸ்டிஸ், இதற்கென மருந்து கிடையாது. தனித்தொட்டிக்கு மாற்றித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருந்ததில் அது தானாகவே சுருங்கி மறைந்தது. கத்தரியால் வெட்டிவிடச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பெண் பெட்டாவின் வயிற்றடியில் தெரியும் ஒற்றை வெண்புள்ளியோ முட்டையிடும் குழல்; அது நோயே அன்று.

* * *

மீன் மெலிந்து, முதுகெலும்பு வளைந்து, புண்களும் கட்டிகளும் சேர்ந்து தோன்றினால் மைக்கோபாக்டீரியம் மரினம் என்னும் கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். கைக்காயத்தின் வழியே இது நம் தோலிலும் தொற்றும். எனவே கையுறை அணியுங்கள். குழாயில் வாய்வைத்து உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். விரலில் ஆறாத முடிச்சு தோன்றினால், மீன் வளர்ப்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.