பயனர்நிலை திரெட்டில் முழு எண் அச்சாகிறது, தசம எண்ணை அச்சிட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் வருகிறது

கேள்வி:

லினக்ஸில் 64 பிட் எக்ஸ்86 செயலிக்காக, சி மொழியிலும் கொஞ்சம் அசெம்பிளியிலும் ஒரு சிறிய பயனர்நிலை திரெட் (கெர்னல் அல்லாமல் நிரலே மாற்றி மாற்றி இயக்கும் பணியிழை) நூலகம் எழுதி வருகிறேன். இதற்கென ஆயத்தமாக உள்ள ஸ்வாப்கான்டெக்ஸ்ட் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் சிக்னல் மாஸ்க்கை மாற்றக் கெர்னலை அழைப்பதால், திரெட் மாற்றும் ஃபங்ஷனை நானே எழுதினேன். அது ஆர்பிபி, ஆர்பிஎக்ஸ், ஆர்12 முதல் ஆர்15 வரை ஆக ஆறு ரெஜிஸ்டர்களைப் புஷ் செய்து, ஸ்டாக்கின் நுனியைக் காட்டும் ஆர்எஸ்பியைப் பழைய திரெட்டின் பதிவில் எழுதிவிட்டுப் புதியதன் ஆர்எஸ்பியை ஏற்றி, ஆறையும் தலைகீழ் வரிசையில் பாப் செய்து, ரெட் கட்டளையோடு முடிகிறது.

புதிய திரெட்டுக்கு எம்மேப் வழியே 64 கேபி நினைவகத்தை ஸ்டாக்காகப் பெற்று, உச்சி முகவரிக்கு 8 பைட் கீழே தொடக்க ஃபங்ஷனின் முகவரியையும் அதற்குக் கீழே ஆறு பூஜ்யங்களையும் எழுதுகிறேன். உச்சியிலிருந்து 56 கழித்தால் கிடைப்பதே அதன் முதல் ஆர்எஸ்பி. திரெட்டுக்குள் பிரின்ட்எஃப் முழு எண்களை ஒழுங்காக அச்சிடுகிறது. ஒரு தசம எண்ணைக் கொடுத்தவுடன் நிரல் விழுந்துவிடுகிறது. பிரின்ட்எஃப்பின் தொடக்கத்திலேயே உள்ள ஒரு மூவ்ஏபிஎஸ் கட்டளையில் நிற்பதாகப் பிழைத்திருத்தியான ஜிடிபி காட்டுகிறது. ஸ்டாக்கை 1 எம்பி ஆக்கியும் பயனில்லை. தசம எண்களைத் தாங்கும் எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களையும் சேமிக்க வேண்டுமா? தொடக்க ஃபங்ஷனுக்கு ஆர்க்யுமென்ட் அனுப்ப முறையான வழி உண்டா? இப்போதைக்கு ஒரு குளோபல் மாறியில் வைத்து அனுப்புகிறேன்.

பதில் 1:

எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உங்கள் மாற்று ஃபங்ஷன் கம்பைலரின் பார்வையில் ஒரு சாதாரண அழைப்பு. அழைப்பவர் காக்க வேண்டிய ரெஜிஸ்டர்களில் தேவையானவற்றைக் கம்பைலர் முன்பே ஸ்டாக்கில் ஒதுக்கி வைத்துவிடும். லினக்ஸ் பின்பற்றும் சிஸ்டம் வி ஏபிஐயில் (ஃபங்ஷன் அழைப்பு விதிகளில்) பதினாறு எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்களும் அந்த வகைதான். (விண்டோஸில் எக்ஸ்எம்எம்6 முதல் 15 வரை அழைக்கப்பட்டவர் காக்க வேண்டியவை என்பதால், அங்கே இந்த விடை மாறும்.)

உங்கள் சிக்கல் ஸ்டாக்கின் சீரமைப்பில் இருக்கிறது. கால் கட்டளை இயங்கும் கணத்தில் ஆர்எஸ்பி 16இன் மடங்காக இருக்க வேண்டும் என்பது விதி. கால் 8 பைட் திரும்பு முகவரியைப் புஷ் செய்வதால், ஒரு ஃபங்ஷனின் முதல் கட்டளையில் ஆர்எஸ்பியை 16ஆல் வகுத்தால் மீதி 8 வரும். உங்கள் அமைப்பில் ரெட் முடிந்ததும் ஆர்எஸ்பி சரியாக உச்சி முகவரியில் நிற்கிறது, மீதி 0. மாறும் எண்ணிக்கையில் ஆர்க்யுமென்ட் பெறும் ஃபங்ஷன்களுக்கு, எத்தனை எக்ஸ்எம்எம் ரெஜிஸ்டர்கள் பயன்பட்டன என்பதை அழைப்பவர் ஏஎல் ரெஜிஸ்டரில் சொல்லுவார். அது பூஜ்யமானால் பிரின்ட்எஃப் அவற்றைச் சேமிக்காமல் தாண்டிச் செல்லும். இல்லையெனில் மூவ்ஏபிஎஸ் கொண்டு சேமிக்கும். அந்தக் கட்டளை 16இல் சீரமையாத முகவரியை ஏற்காது. முழு எண் தப்பியதும் தசம எண் மாட்டியதும் இதனால்தான்.

முகவரியை இன்னும் 8 பைட் கீழே தள்ளி, மேலே காலியான இடத்தில் திரெட்டை முடிக்கும் ஃபங்ஷனின் முகவரியை வைப்பதுதான் பலரும் செய்வது. தொடக்க ஃபங்ஷனுக்கு அது சரி. ஆனால் அது ரெட் மூலம் முடிக்கும் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது மீதி மறுபடியும் 0 ஆகிவிடும். அதே பிழை திரெட்டின் கடைசி நொடிக்குத் தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். அதைவிட மூன்று கட்டளைகளில் ஒரு டிராம்போலின் (இடையில் நின்று அழைத்துவிடும் சிறு துணுக்கு) எழுதுங்கள்: ஆர்13ஐ முதல் ஆர்க்யுமென்டுக்கு உரிய ஆர்டிஐக்கு நகர்த்துவது, ஆர்12இல் உள்ள முகவரியைக் கால் செய்வது, பிறகு முடிக்கும் ஃபங்ஷனைக் கால் செய்வது. பூஜ்யங்களில் ஆர்12க்கு உரிய இடத்தில் தொடக்க ஃபங்ஷனையும் ஆர்13க்கு உரிய இடத்தில் ஆர்க்யுமென்டையும் எழுதி, திரும்பு முகவரியாக டிராம்போலினை வையுங்கள். டிராம்போலினுக்குள் ஆர்எஸ்பி 16இன் மடங்காக இருப்பதே தேவை என்பதால், உங்கள் பழைய 56 பைட் கணக்கு அப்படியே பொருந்திவிடும். குளோபல் மாறியும் தேவைப்படாது.

பதில் 2:

மேலே சொன்னதோடு இரண்டு. ஆர்பிபிக்கு உரிய பூஜ்யத்தை மாற்றாதீர்கள். ஃப்ரேம் பாயின்டர் வழியே செல்லும் பின்தடம் (அழைப்புகளின் பட்டியல்) அங்கேதான் நிற்கும். எம்மேப் பகுதியின் மிகக் கீழ்ப் பக்கத்தை எந்த அனுமதியும் இல்லாததாக எம்புரொடெக்ட் மூலம் அடைத்து, ஸ்டாக் நிரம்பி வழிவதைப் பிடிக்கும் காவல் பக்கமாக்கிவிடுங்கள். பெரிய உள் அணி கொண்ட ஃபங்ஷன் 4096 பைட் காவல் பக்கத்தைத் தொடாமலே தாண்டிவிடக்கூடும் என்பதால், ஜிசிசியின் ஸ்டாக் கிளாஷ் பாதுகாப்பையும் இயக்குவது நல்லது.

கேட்டவர்:

டிராம்போலின் அமைத்த பின் தசம எண்கள் சரியாக அச்சாகின்றன, மிக்க நன்றி. இன்னொரு ஐயம். ஒரு திரெட் ஃபீசெட்ரவுண்ட் மூலம் கீழ்நோக்கி முழுமையாக்கும் முறையை அமைத்துவிட்டு இடம் கொடுத்தால், அடுத்த திரெட்டின் கணக்கிலும் அதே முறை தொடர்கிறது. எக்ஸ்எம்எம் சேமிக்கத் தேவையில்லை என்றால் இது எப்படி?

பதில் 1:

எக்ஸ்எம்எம்மில் இருப்பது தரவு. முழுமையாக்கும் முறை இருப்பது எம்எக்ஸ்சிஎஸ்ஆர் என்ற தனி ரெஜிஸ்டரில். அதன் கட்டுப்பாட்டு பிட்களும் பழைய தசமக் கணக்குப் பகுதியான எக்ஸ்87இன் கட்டுப்பாட்டுச் சொல்லும் அழைக்கப்பட்டவர் காக்க வேண்டியவை. ஆறு புஷ்களுக்குப் பிறகு ஆர்எஸ்பியை 8 குறைத்து, எஸ்டிஎம்எக்ஸ்சிஎஸ்ஆர் கொண்டு முதல் 4 பைட்டிலும், எஃப்என்எஸ்டிசிடபிள்யூ கொண்டு அடுத்த 2 பைட்டிலும் சேமியுங்கள். திரும்பும்போது எல்டிஎம்எக்ஸ்சிஎஸ்ஆர், எஃப்எல்டிசிடபிள்யூ. தொடக்க ஆர்எஸ்பி இப்போது உச்சியிலிருந்து 64 பைட் கீழே போகும். சீரமைப்பை முடிவு செய்வது திரும்பு முகவரி இருக்கும் இடமே தவிர அதற்குக் கீழே எத்தனை அறைகள் இருக்கின்றன என்பதல்ல. ஆகவே அது கெடாது.

புதிய திரெட்டின் அந்த 8 பைட்டைப் பூஜ்யமாக விட்டுவிடாதீர்கள். எம்எக்ஸ்சிஎஸ்ஆர் பூஜ்யமானால் எல்லா விதிவிலக்குகளின் மறைப்பும் நீங்கிவிடும். 1ஐ 3ஆல் வகுத்தாலே விடை துல்லியமற்றது என்று எஸ்ஐஜிஎஃப்பிஇ சிக்னல் வந்து நிற்கும். பதினறும முறையில் எம்எக்ஸ்சிஎஸ்ஆருக்கு 1எஃப்80, எக்ஸ்87க்கு 037எஃப் என்று எழுதுங்கள். எந்தத் திரெட்டும் முழுமையாக்கும் முறையைத் தொடாது என்று உறுதி இருந்தால், வேகத்துக்காக இந்த நான்கு கட்டளைகளையும் விட்டுவிடலாம். உங்கள் நூலகத்தில் அந்த உறுதி இல்லை.