மறு: கதிர்வீச்சு 'வெளிப்பாடு' வேண்டாம், 'கதிர்படல்' என்போம்

வணக்கம்.

> 'வெளிப்பாடு' பழகிவிட்டது. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

ஐயா, 'எக்ஸ்போஷர்' (exposure) என்பதற்கு 'வெளிப்பாடு' என்று எழுதிப் பழகியது நமக்குத்தான். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் குவாரி ஆட்களுக்கான துண்டறிக்கையில் "புகைப்பவருக்குக் கதிர்வீச்சு வெளிப்பாடு அதிகம்" என்று எழுதியிருந்தேன். படித்த ஒருவர், "அப்போ பீடி பிடிக்கிறவன் உடம்புல இருந்து கதிர் வருதா? பக்கத்துல நிக்கலாமா?" என்றார். தமிழ் தெரிந்தவர் அப்படித்தான் கேட்பார். வெளிப்படுவது என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. நாம் சொல்ல வந்ததோ ஆள்மேல் கதிர் படுவதை.

வெயில் படுகிறது, காற்றுப் படுகிறது, கண்கூடப் படுகிறது. அதனால்தான் 'கதிர்படல்' என்கிறேன். கேழ்வரகு விளையும் தர்மபுரியில் கதிர் என்றால் வேறு நினைப்பு வரும் என்று கிண்டல் செய்வீர்கள். எக்ஸ்ரேயைக் குறிக்கும் ஊடுகதிர் என்ற சொல்லுக்கு யாரும் அரிவாளைத் தூக்கிக்கொண்டு போகவில்லையே!

புகையிலைக்கு இந்த ஒரு சொல் போதாது. அந்த இலையில் பிசுபிசுப்பான நுண்மயிர்கள் உண்டு. மண்ணிலிருந்து கிளம்பும் ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம் அவற்றில் ஒட்டிக்கொள்ளும். பாஸ்பேட் உரம் வழியாகவும் கொஞ்சம் ஏறும். அந்த ஈயம் சிதைந்தால் பொலோனியம்-210 என்ற இன்னொரு கதிரியக்கப் பொருள். பற்றவைத்த நுனியின் சூட்டில் அது ஆவியாகி, புகைத்துகளோடு போய் மூச்சுக்குழாய் கிளை பிரியும் இடங்களில் படிகிறது. 1964-லேயே ராட்ஃபோர்ட், ஹண்ட் என்ற ஆய்வாளர்கள் இதை எழுதிவிட்டார்கள். பொலோனியம் விடும் ஆல்பா கதிர் ஒரு தாளைக்கூடத் தாண்டாது. தோலுக்கு வெளியே இருந்தால் கவலையில்லை, உள்ளே போனால்தான் வம்பு. எக்ஸ்ரே கருவியை அணைத்ததும் கதிர்படல் நின்றுவிடும். இங்கே மூலமே நுரையீரலுக்குள் இருக்கிறது. பொலோனியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 138 நாள்; அந்த ஈயத்துக்கு 22 ஆண்டு. ஆகவே புறக்கதிர்படல், அகக்கதிர்படல் என்று இரண்டாகப் பிரித்தே ஆகவேண்டும்.

வாழைப்பழத்திலும் கதிரியக்கம் உண்டே என்று ஒரு மடல் வந்தது. உண்டு, பொட்டாசியம்-40. ஆனால் மிஞ்சிய பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும், உடம்பில் அதன் அளவு ஏறுவதில்லை. பீடியோடு அதைச் சேர்க்காதீர்கள்.

அப்புறம், கதிரியக்கப் பொருள் உடம்பிலோ துணியிலோ ஒட்டியிருப்பதற்குத் 'தீட்டு' என்று ஒருவர் சொல்லியிருந்தார். வேண்டவே வேண்டாம். அந்தச் சொல்லால் நம் ஆட்கள் பட்டது போதும். 'கதிர்க்கறை' என்று வைத்துக்கொள்ளலாம்.

உடம்பு ஏற்கும் கதிரின் அளவை மில்லிசீவர்ட் என்ற அலகில் சொல்லும் 'டோஸ்' மட்டும் இன்னும் பாக்கி. 'ஏற்பளவு' என்று எழுதிப் பார்த்தேன், மருந்துச் சீட்டு வாடை இல்லாமல் இருக்கிறது. ஆட்சேபம் இருந்தால் அச்சுக்குப் போகும்முன் சொல்லுங்கள்.