வெளிய கீறல் கூட இல்ல, உள்ள கிழிஞ்சிருந்துச்சு - ஷாக் டெஸ்ட் பண்ணவங்க அனுபவம் சொல்லுங்க

செம்புத்தகடு:
கேஸ் கன் (வாயு அழுத்தத்துல தகட்ட ஏவி அடிக்கிற துப்பாக்கி) ஷாட் தான். 4 மிமீ செம்புத் தகடு, மேல வந்து அடிக்கிற ஃப்ளையரும் செம்பு, 2 மிமீ, நொடிக்கு சுமார் 100 மீட்டர். அடி வாங்கிட்டு பழந்துணி அடைச்ச டேங்க்ல போய் விழுந்துச்சு, எடுத்து நகத்தால தடவிப் பார்த்தேன், எங்கயும் ஒரு விரிசல் தட்டல, "பாதிப்பு இல்லை"ன்னு நோட்ல எழுதிட்டேன். சார் தான் "எதுக்கும் வெட்டிப் பாருப்பா"ன்னார். பாலிஷ் போட்டு மைக்ரோஸ்கோப்ல வச்சா நட்ட நடுவுல கேழ்வரகு சிந்தின மாதிரி கருப்பு கருப்பா உருண்டை ஓட்டைங்க, ஒரே வரிசைல, சிலது பக்கத்து ஓட்டையோட ஒட்டி நீளமாயிருக்கு. வெட்டாம இருந்திருந்தா அந்த நோட்ல எழுதினதே நின்னிருக்கும், அத நினைச்சா இன்னும் தூக்கம் வரல.

மணல்மூட்டை:
செம்பு மட்டமானதா இருந்திருக்கும், உள்ள ஆக்சைடு துணுக்கு இருந்தா அப்படித்தான் ஆகும். நான் பார்த்தது ஸ்டீல் பிளேட், மேல வெடிமருந்து ஒட்டி வெடிச்சோம். எல்லாரும் முன்பக்கப் பள்ளத்தையே பார்த்துட்டு நிக்கறோம், பின்பக்கம் பேந்த துண்டு சாப்பாட்டுத் தட்டு மாதிரி வளைஞ்சு மணல் மூட்டைக்குள்ள சொருகிக் கிடந்துச்சு.

எட்ச்_பண்ணுங்க:
மட்டமான செம்புன்னு பழி போடாதீங்க ப்ரோ. துணுக்கு இருந்தா ஓட்டை சீக்கிரம் ஆரம்பிக்கும், அவ்வளவுதான், ஒற்றைப் படிகச் செம்பு கூட கிழியும், இன்னும் அதிக இழுவிசை வேணும். நீங்க பார்த்த ஸ்டீல் கதைய ஹாப்கின்சன்ங்கற பிரிட்டிஷ் இன்ஜினியர் 1914லயே எழுதிட்டார். அடியோட அமுக்க அலை தகட்டோட பின்பக்கத்துல பட்டு, அமுக்கத்த விடுவிக்கிற தளர்வு அலையா திரும்பும், ஃப்ளையரோட பின்பக்கத்துல இருந்து இன்னொண்ணு வரும், ரெண்டும் சந்திக்கிற இடத்துல உலோகம் ரெண்டு பக்கமும் இழுபடும், ஃப்ளையர் தகட்டுல பாதி கனம்ங்கறதால அது சரியா நடுவுல, எல்லாம் ஒண்ணு ரெண்டு மைக்ரோசெகண்ட்ல முடிஞ்சிரும்.

நான் ஒரு சாம்பிள பாலிஷ்லயே கெடுத்திருக்கேன். செம்பு மெத்துன்னு இருக்கறதால அழுத்தித் தேய்ச்சா இழுபட்டு ஓட்டைய மூடிடும், ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும். அதனால மெதுவா ஓடற ரம்பம், தண்ணி விட்டுட்டே வெட்டுங்க, கை அழுத்தாதீங்க, கடைசி பாலிஷ நிதானமா ரொம்ப நேரம் ஓட்டுங்க, அப்புறம் எட்ச் போடுங்க (கெமிக்கல்ல மேற்பரப்ப லேசா அரிக்க விடறது), ஓட்டை கிரெய்ன் (உலோகத்துக்குள்ள இருக்கற குட்டிப் படிகம்) எல்லைல உக்காந்திருக்கா உள்ள இருக்கான்னு அப்பத்தான் தெரியும். செம்புத்தகடு, மறுபாதிய தூக்கிப் போட்டுட்டீங்களா?

செம்புத்தகடு:
இல்லங்க, டிராயர்ல இருக்கு. நாளைக்கு எட்ச் போட்டுட்டு சொல்றேன்.