கலைச்சொல்: டிராக் பந்தயத்தில் ‘காம்பினேஷன்’ – சேர்க்கையா, கோவையா, சேர்மானமா?

அன்புடையீர்,

அமெரிக்க டிராக் பந்தயம் (குறுகிய நேர்ப்பாதையில் நின்ற நிலையிலிருந்து கார்கள் விரையும் போட்டி) பற்றிய கட்டுரைத் தொடருக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. அங்கே அந்தப் பந்தயங்களை நடத்தும் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் ஸ்டாக், சூப்பர் ஸ்டாக் பிரிவுகளில் கார், எஞ்சின், ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), கார்புரேட்டர் எல்லாவற்றையும் சேர்த்து ‘காம்பினேஷன்’ என்கிறார்கள். ‘பொறிச்சேர்க்கை’ எனலாமா? டிராக் பந்தயம் என்பதற்கு ‘இழுவைப் பந்தயம்’ பொருந்துமா?

———

> ‘பொறிச்சேர்க்கை’ எனலாமா?

ஐயா, ‘இழுவை’ வேண்டாம். காற்று இழுவை என்று வேறோர் இடத்தில் அதே சொல் கட்டாயம் வரும், குழப்பும். ‘டிராக்’ அப்படியே இருக்கட்டும்.

‘சேர்க்கை’யில் எனக்குத் தயக்கம் உண்டு. விருப்பம்போல் எடுத்துச் சேர்ப்பது என்ற பொருள் அதில் தொனிக்கிறது. ஸ்டாக் பிரிவில் நடப்பது அதற்கு நேர்மாறு. 1969 செவ்ரலே கமேரோவின் 396 கன அங்குல எஞ்சினைப் பாருங்கள். அதன் ரகங்களுக்கு நிறுவனம் கொடுத்த குறியீடுகள் எல்35, எல்34 போன்றவை. எல்35 என்றால் 325 குதிரைத்திறன், எல்34 என்றால் 350. இரண்டுக்கும் நீள்வட்டத் துளை கொண்ட ஹெட், குவாட்ராஜெட் கார்புரேட்டர். எல்78 என்றால் 375. அதற்குச் செவ்வகத் துளை ஹெட், ஹாலி கார்புரேட்டர், சாலிட் லிஃப்டர் (வால்வைத் தூக்கும் திட உறுப்பு). எல்78-க்கு அலுமினிய ஹெட் போட்டால் அது எல்89. காகிதத்தில் அதுவும் 375தான். எல்34-இன் மேல் எல்78 ஹெட்டை ஏற்றினால் எஞ்சின் நன்றாகவே ஓடும். ஆனால் அப்படி ஒரு பதிவு என்.எச்.ஆர்.ஏ.வின் வகைப்பாட்டு ஏட்டில் கிடையாது. பரிசோதனையில் ஹெட்டைக் கழற்றியதும், வார்க்கும்போதே அதில் பதிந்த வார்ப்பெண் காட்டிக்கொடுத்துவிடும். ஆக, ஏட்டில் ஒன்றாகக் கோத்துப் பதிந்த முழுமைக்குத்தான் நமக்குப் பெயர் தேவை. ‘கோவை’ என்கிறேன். மணி ஒன்றை உருவி வேறொன்றைக் கோத்தால் அது வேறு கோவை.

இன்னொரு சொல்லும் இதோடு வேண்டும். பிரிவுக்குள் ஒரு கார் எந்த வகை என்பது தீர்மானமாவது காரின் ஏட்டு எடையைக் குதிரைத்திறனால் வகுத்து. அந்தக் குதிரைத்திறன் டைனோவில் (திறன் அளக்கும் கருவி) அளந்தது அல்ல, என்.எச்.ஆர்.ஏ. விதித்தது. கணக்குக்கு ஒரு கார்: 3,200 பவுண்டு, 320 குதிரைத்திறன்; ஈவு 10.00. வகையின் கீழ்வரம்பும் 10.00 என்று வைத்துக்கொண்டால், ஓட்டுநருக்கான 170 பவுண்டையும் கூட்டி 3,370 பவுண்டுக்குக் குறையாமல் தராசில் நிற்கவேண்டும். அதே வகையில் இருந்துகொண்டே 10 குதிரைத்திறன் ஏற்றப்பட்டால் 3,470. எஞ்சினில் ஒரு திருகுகூட மாறாமல் 100 பவுண்டு சுமை! அதனால், விதித்த திறன் குறைவாகவும் உண்மைத் திறன் கூடுதலாகவும் இருக்கும் கோவையைத் தேடுவதே தேர்வின் உயிர்நாடி. 1968-இல் ஃபோர்டு தன் 428 கோப்ரா ஜெட்டுக்கு 335 என்றுதான் போட்டது. அந்த ஆண்டே பொமோனா விண்டர்நேஷனல்ஸில் அந்த எஞ்சின் பூட்டிய மஸ்டாங் சூப்பர் ஸ்டாக் பட்டத்தை வென்றது. என்.எச்.ஆர்.ஏ. விதித்து ஏட்டில் பதியும் திறனை ‘ஏட்டுத்திறன்’ எனலாம்.

———

> ‘கோவை’ என்கிறேன்.

விளக்கம் அருமை, ஆனால் கோவை என்றாலே ஊர் நினைவுக்கு வரும். ‘கோவை எஞ்சின்’ என்று எழுதினால் கோயம்புத்தூரில் செய்த மோட்டார் என்றே வாசகர் எடுத்துக்கொள்வார். பம்பும் மோட்டாரும் செய்யும் ஊர் அது. பேருந்துப் பலகையில் தினமும் பார்க்கும் சொல்லை வேறு பொருளுக்கு இழுப்பது கடினம்.

சித்த மருத்துவத்தின் ‘சேர்மானம்’ எப்படி? லேகியத்துக்கு என்னென்ன சரக்கு, எவ்வளவு எடை என்பதெல்லாம் அதில் அடங்கும். சரக்கு மாறினால் மருந்தே வேறு. நம் பொருளும் அளவோடு சேர்ந்ததுதான். 1969 கமேரோ இசட்/28-இன் 302 கன அங்குல எஞ்சின்: விட்டம் 4.00 அங்குலம், ஸ்ட்ரோக் 3.00, இன்டேக் வால்வு 2.02, எக்ஸாஸ்ட் 1.60, நிமிடத்துக்கு 780 கன அடி காற்று விடும் ஹாலி கார்புரேட்டர், 290 குதிரைத்திறன். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறக்குறைய 618 சிசி. அமுக்க விகிதம் 11 வரவேண்டுமானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 61.8 சிசி. அது ஒரே ஒரு சிசி கூடினால் விகிதம் 10.84-க்கு இறங்கிவிடும். அதனால்தான் ஹெட்டின் எரியறையைக் குறைந்தபட்ச அளவுவரை கொண்டுவருகிறார்கள்: ஸ்பார்க் பிளக்கைப் பூட்டி, வால்வுகளை வைத்து, ஓரத்தில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை மூடி, பியூரெட்டில் திரவம் விட்டு அளப்பார்கள். எட்டு அறையும் அளக்கவேண்டும். ஓர் அறை வரம்புக்கு அரை சிசி கீழே போனாலும் ஹெட் செல்லாது.

———

சேர்மானத்துக்கு என் வாக்கு. இலங்கைக் கணித நூல்களில் ‘வரிசைமாற்றமும் சேர்மானமும்’ என்றே படித்தோம், சொல் புதிதல்ல. கணிதத்தில் அது கட்டற்ற தெரிவைக் குறிக்கும் என்பதால் இங்கே ‘ஏட்டுச் சேர்மானம்’ என்று முன்னொட்டு கொடுத்தால் தெளிவாகும். ‘ஏட்டுச் சுரைக்காய்’ நினைவு வந்து இளக்காரமாகப் படுமோ என்று யோசித்தேன். ஏடு என்பது பதிவேடும்தான், இருக்கட்டும்.

தொடரில் வரும் கார்புரேட்டர் பத்தியில் ஒரு திருத்தம் தேவைப்படும். 396 கன அங்குலம், நிமிடத்துக்கு 6,500 சுற்று என்றால் எஞ்சினுக்கு வேண்டிய காற்று நிமிடத்துக்கு 396 × 6,500 ÷ 3,456 = 745 கன அடி. குவாட்ராஜெட் 750 என்பதால் போதும் என்று எழுதிவிடவேண்டாம். அந்த எண் 1.5 அங்குலப் பாதரச வெற்றிடத்தில் அளந்தது. முழுத் திறப்பில் அவ்வளவு வெற்றிடம் மிஞ்சினால் எஞ்சின் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். குவாட்ராஜெட்டின் பெரிய குறை அதன் எரிபொருள் கிண்ணம் சிறியது என்பது. ஓட்டத்தின் கடைசி மூன்றிலொரு பங்கில் மட்டம் இறங்கி, கலவை மெலிந்து, பிஸ்டன் உருகும். ஊசி-இருக்கையைப் பெரிதாக்கி, பம்பின் வரத்தையும் கூட்டவேண்டும். ஜெட்டை மட்டும் மாற்றினால் பயன் இல்லை. இரண்டாம் நிலைக் காற்றுக்கதவின் சுருள்வில் தளர்வாக இருந்தால் புறப்படும்போதே கார் திக்கும். அதிகம் இறுக்கினால் கதவு தாமதமாகத் திறக்கும்.

கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பற்றியும் இரு சொல் வேண்டும். ஸ்டாக்கில் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) தொழிற்சாலை அளவைத் தாண்டக்கூடாது. டியூரேஷனுக்கு (வால்வு திறந்திருக்கும் காலம்) கட்டுப்பாடு இல்லை. ஆகவே வால்வைச் சட்டென்று தூக்கி, அதே உயரத்தில் நெடுநேரம் பிடித்து, சட்டென்று இறக்கும் கேம் அரைக்கிறார்கள். ஸ்பிரிங் வலுவில்லாவிட்டால் வால்வு இருக்கையில் துள்ளும். லிஃப்டைத் ‘தூக்கம்’ என்றால் உறக்கமாகிவிடும். ‘திறப்புயரம்’, ‘திறப்புக்காலம்’ என்று இணையாக வைக்கலாமா? சூப்பர் ஸ்டாக்கில் கேமுக்கு இந்த உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதால் அந்தக் கட்டுரையிலும் இவ்விரு சொல்லும் தனித்தனியே தேவைப்படும்.

———

திறப்புயரம், திறப்புக்காலம், வார்ப்பெண், ஏட்டுத்திறன், ஏட்டுச் சேர்மானம் ஐந்தையும் பட்டியலில் ஏற்றுகிறேன். ‘கோவை’யை விட்டுவிடச் சம்மதம். ‘எரியறை’க்குப் பதில் ‘எரிகலன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஹெட்டில் குடைந்த குழி அது, தனிக் கலன் அல்ல என்பதால் ‘எரியறை’யே நிற்கட்டும்.