காய்ச்சல் வந்தாலும் லீவு போட முடியாத காண்ட்ராக்ட் வேலை: என்ன செய்யலாம்?

ஓ.டி. வாசி:
என் தம்பி கடலூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். 2020 ஆகஸ்டில், கொரோனா நேரத்தில், காய்ச்சல் வந்தபோது வீட்டில் யாரிடமும் சொல்லாமல், விடியற்காலை அஞ்சு மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்துக் குழாயில் நெற்றியைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் செக்யூரிட்டி நீட்டும் தெர்மல் ஸ்கேனர் முன்னால் போய் நின்றிருக்கிறான். மூன்று நாள் இப்படியே. அடுத்து வேனில் பக்கத்து சீட்டுக்காரருக்கு வந்தது, அப்புறம் எங்கள் அப்பாவுக்கு. அப்பா பிழைத்துக்கொண்டார், அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் பிழைக்கவில்லை. இன்றுவரை தம்பி அதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்த வாரம் மறுபடி காய்ச்சல், மறுபடி மாத்திரையோடு கிளம்புகிறான். கேட்டால் "ரெண்டு நாள் வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்கண்ணே" என்கிறான். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். அதை வைத்து ஏதாவது வழி உண்டா?

நெல்லிக்குப்பம் அக்கவுண்டன்ட்:
முதலில் தம்பியைத் திட்டாதீர்கள். ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்று கொடுத்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதக் கணக்கில் குறைந்தது 78 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும், சிக்கல் அங்கேதான். காண்ட்ராக்டர் மாறும்போது சில இடங்களில் பழைய ஈ.எஸ்.ஐ. எண்ணை விட்டுவிட்டுப் புது எண் போட்டுவிடுகிறார்கள், நாட்கள் சிதறிப்போகும். தம்பியின் எண்ணைப் போட்டு எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று உடனே பாருங்கள். காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் கட்டும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு.

பண்ருட்டிக்காரி:
எங்கள் சித்தப்பா கோயம்பேட்டில் லோடுமேன். மூட்டை தூக்கினால்தான் அன்றைக்குக் கூலி. ஊரே அடைத்துக் கிடந்தபோது காய்கறிச் சந்தை மட்டும் நடந்தது, இவர்களும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு தூக்கினார்கள். 2020 மே மாதத் தொடக்கத்தில் லாரி பிடித்து ஊர் திரும்பினார்கள், மே 4 ஒரே நாளில் நம் மாவட்டத்தில் நூறு பேருக்கு மேல் தொற்று. தெருவில் எல்லோரும் "கோயம்பேட்டுக்காரன் கொண்டாந்துட்டான்" என்றார்கள். சித்தி தண்ணீர் பிடிக்கப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். அவர் விரும்பியா அந்தக் கூட்டத்தில் நின்றார்? ஒரு வாரக் கூலியை யாராவது கையில் கொடுத்திருந்தால் அவர் எப்போதோ வீடு வந்திருப்பார். இன்றும் எனக்கு மனசு ஆறவில்லை.

சேதராப்பட்டு ஷிப்ட்:
நான் புதுச்சேரியில் பெர்மனென்ட் ஆள். எனக்குத் தொற்று வந்தபோது 14 நாள் சம்பளத்தோடு வீட்டில் இருந்தேன். என்னோடு அதே மெஷினில் நின்ற காண்ட்ராக்ட் தம்பிக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. ஒரே காற்றைத்தான் இரண்டு பேரும் இழுத்தோம். ஊரடங்கில் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய அரசு உத்தரவு போட்டது, மே மாதமே விலக்கிக்கொண்டது. எங்கள் லைனில் காண்ட்ராக்ட் ஆட்கள் கைக்கு அதுவும் வந்து சேரவில்லை. நாங்கள் பெர்மனென்ட் ஆட்கள் அன்றைக்கே சேர்ந்து கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இப்போது சங்கத்தில் முதல் கோரிக்கையாக நான் வைப்பது இதைத்தான்: காய்ச்சல் லீவு எல்லோருக்கும் ஒன்றுபோல.

ஓ.டி. வாசி:
எல்லோருக்கும் நன்றி. அக்கவுண்டன்ட் அண்ணன் சொன்னதுதான் நடந்திருக்கிறது, தம்பி பேரில் இரண்டு எண் இருக்கிறது. நாளைக் காலை அவனை ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போகிறேன், அங்கிருந்து நேராகக் கிளை அலுவலகம். இன்று ராத்திரி வேன் டிரைவருக்கு நானே போன் செய்து, அவன் வரமாட்டான் என்று சொல்லிவிட்டேன்.