மரச்சீனி, புண்ணாக்கு, கருவாடு: பன்றித் தீவனம் வீட்டில் கலக்கிற குமரி மாவட்டத்து நாலு ஊர்க்காரர்கள் சொல்வது

அருமனை
நாலஞ்சு பன்றி வளர்க்கிறவங்க கடைத்தீவனம் மட்டும் போட்டால் கையில் ஒண்ணும் மிஞ்சாது. நம்ம பக்கம் கிழங்குக்குக் குறைவில்லை, புரதத்துக்குத்தான் குறைவு. மரச்சீனியில், அதாவது மரவள்ளிக் கிழங்கில், புரதம் ரெண்டு மூணு சதவீதம்தான். அதை மட்டும் அவிச்சுக் கொட்டினால் குட்டிக்கு வயிறு தொங்கும், முதுகெலும்பு தெரியும், முடி சிலிர்த்து நிற்கும்.

20 முதல் 50 கிலோ வரையுள்ள பன்றிக்கு 100 கிலோ கலவை இப்படி: காய்ந்த மரச்சீனித் துண்டு 36, அரிசித் தவிடு 25, கடலைப் புண்ணாக்கு 17, தேங்காய்ப் புண்ணாக்கு 12, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 8, தாது உப்புக் கலவை 2. புரதம் சுமார் 17 சதவீதம் வரும். 30 கிலோ பன்றிக்கு நாளைக்கு ஒன்றரை கிலோ, ரெண்டு நேரமாக. 50 கிலோ தாண்டியதும் கடலைப் புண்ணாக்கை 10 ஆக்கி, குறைத்த 7 கிலோவையும் கிழங்கில் கூட்டினால் போதும்.

தவிடு ரெண்டு வாரத்துக்கு மேல் இருப்பு வைக்காதீங்க, காறிப்போகும். புண்ணாக்கை உடைத்து உள்ளே பாருங்க. பச்சையாகவோ சாம்பலாகவோ பூஞ்சை இருந்தால் முழுக்கட்டியும் வேண்டாம். பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், அவிச்சாலும் போகாது.

குலசேகரம்
அண்ணே, கிழங்குத் தோலையும் இலையையும் விட்டுட்டீங்க. காய்ந்த கணக்கில் இலையில் மட்டும் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் சயனைடு இருக்கிறதும் அங்கேதான், பச்சையாகப் போடவே கூடாது. மூச்சு இரைத்து, தள்ளாடி, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடும்.

இலையைக் கொளுந்துத் தண்டோடு ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி நிழலில் ஒரு நாள் வாடவிடணும். 100 கிலோ வாடின இலைக்கு 5 கிலோ தவிடு, அரைக்கிலோ உப்பு. நீல டிரம்முக்குள் தடிமனான பாலித்தீன் பை விரித்து, ஒரு சாண் உயரம் போட்டு மிதி, அடுத்த சாண், மறுபடி மிதி. டிரம்மின் ஓரத்தை நல்லா மிதிக்கணும், காற்று தங்குறது அங்கேதான். வாயை இறுகக் கட்டி 21 நாள் விடுங்க.

பிரிக்கும்போது மோர் புளித்த வாடையும், வெந்த கீரை மாதிரி மஞ்சள் கலந்த பச்சையும் இருந்தால் சரி. கறுத்து வழவழப்பாகி நாறினால் அந்தப் பாகத்தைக் குழியில் போட்டு மூடுங்க. 50 கிலோ பன்றிக்கு நாளைக்கு ஒரு கிலோ போதும், கால் கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்க. பால் மறந்த குட்டிக்கு வேண்டாம். கசப்புக் கிழங்கை அவிக்கிறவங்க பானையை மூடாதீங்க, நஞ்சு ஆவியாக வெளியே போகணும். அவிச்ச தண்ணியையும் கொட்டிவிடுங்க.

கொல்லங்கோடு
கருவாட்டு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறது பெரும்பாலும் உப்புக் கருவாடுதான். அது போட்டு, குடிதண்ணீரும் ஒரு நாள் வற்றிப்போனால் பன்றிக்கு உப்பு நஞ்சாகும்: கண் தெரியாது, ஒரே இடத்தில் சுற்றும், சுவரில் தலையை முட்டி நிற்கும். அப்போது தண்ணீரை ஒரேயடியாக விடக்கூடாது, மூளை வீங்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே டாக்டரைக் கூப்பிடுங்க. உப்பில்லாத கழிவு மீனை அவிச்சு, உலர்த்தி, பொடித்து வைப்பதே நல்லது. விற்பதற்கு ஒரு மாதம் முன்னாலேயே மீனை நிறுத்திடணும், இல்லாவிட்டால் இறைச்சியில் மீன்வாடை வரும்.

களியக்காவிளை
ஓட்டல் கழிவு எடுக்கிறவங்களுக்கு: 2022-இல் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வந்தது, அதற்குத் தடுப்பூசி போட்டுத் தப்பிக்க நமக்கு வழியில்லை. அந்தக் கிருமி ஓட்டல் கழிவில் கிடக்கிற பன்றி இறைச்சி வழியாகவும் வரும். கழிவை 90 டிகிரியில் முழுசாக ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே அவிக்கணும். மேலே கொதித்தாலும் அடியில் கிடக்கிற சோற்றுக்கட்டியின் நடுப்பாகம் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். பன்றி இறைச்சித் துண்டு கலந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் அந்த வாளியே வேண்டாம். அவிக்காத கழிவு வந்த வாளியை அவிச்ச தீவனத்துக்கு எடுக்காதீங்க. ரெண்டுக்கும் வேற வேற நிறத்தில் வாளி வைங்க.