கயோட்டியின் பின்னால் பதினைந்தரை ஜோடி நாய்: உயிருள்ள இரையா, இழுத்த தடமா?

கொம்பூதி
அமெரிக்காவில், கொலராடோவின் அராபஹோ ஹண்ட், நெவாடாவின் ரெட் ராக் ஹவுண்ட்ஸ் போன்ற வேட்டைக் குழுக்கள் நாய்க்கூட்டத்தோடு குதிரையேறித் துரத்துவது கயோட்டியை, அதாவது ஓநாய்க்கு உறவான ஒரு காட்டு விலங்கை. "செயற்கைத் தடம் இழுத்து அதன்மேல் ஓடினால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பவர்களுக்காக இந்த இழை. குறையத்தான் செய்யும்.

சோம்பு எண்ணெயில் நனைத்த துணியை ஒருவர் அரைமணி நேரம் முன்னால் இழுத்துக்கொண்டு போவார். அந்த வாசனை அடர்த்தியானது. நாய் தலையைத் தூக்கியபடியே ஓடிவிடும். கயோட்டியின் தடம் அப்படியில்லை, விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். மண் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் காலையில் மோப்பம் எழும்பி மூக்குமட்டத்தில் நிற்கும். வெயில் ஏறி வறண்ட காற்று வீச ஆரம்பித்தால் அதே வயலில் ஒன்றுமே இருக்காது. கயோட்டி மாட்டு மந்தைக்குள் புகுந்து போனால் சாண நாற்றத்தில் தடம் அறுந்துவிடும். அப்போது ஹண்ட்ஸ்மேன் (நாய்க்கூட்டத்தை நடத்துபவர்) வாயை மூடிக்கொண்டு, நாய்கள் தாமாகவே வளைந்து தேட இடம் விட வேண்டும். பதறிப்போய்க் கொம்பை ஊதினால் முப்பத்தோரு தலையும் நிமிரும். அதோடு மூக்குவேலை போச்சு. எல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். (தலைப்பில் உள்ள 'பதினைந்தரை ஜோடி' அந்த முப்பத்தொன்றுதான். வேட்டைநாயை ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள்.)

முள்வேலி
மோப்பம் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே, ஐயா.

செந்நரி தனக்குப் பழகிய வட்டாரத்துக்குள் சுற்றும், வளைக்குள் போய்விடும், ஆட்டம் முடிந்தது. கயோட்டி மணிக்கு 60 கி.மீ.க்கு மேல் பாயும். வளை தேடாது, பெரும்பாலும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். பழைய பெரிய பண்ணைகளைத் துண்டுபோட்டு வீட்டுமனை ஆக்கிய இடங்களில் அந்த நேர்கோடு கடைசியில் எங்கே முடிகிறது? அனுமதி தராதவர் நிலம், அதைத் தாண்டினால் நெடுஞ்சாலை. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை இருந்தால் நாய் எந்தச் சாலையில் அடிபட்டது என்று துல்லியமாகத் தெரியும், அவ்வளவுதான்.

இழுத்த தடத்தில் நாய் தலைதூக்கி ஓடுகிறதென்றால் அது இழுத்தவர் குறை. எண்ணெயை நீர்க்கச் செய்யுங்கள். நடுவில் துணியைத் தூக்கி இருநூறு மீட்டர் வெறுமையாக விடுங்கள். காற்றுக்குக் குறுக்கே இழுங்கள், மேய்ச்சல் நிலத்தின் ஊடாகக் கொண்டுபோங்கள். மூக்கு தானாகத் தரைக்கு வரும்.

கொம்பூதி
சாலை ஆபத்து உண்மைதான். அதற்காகத்தானே விப் என்கிற உதவியாளர்கள்? அவர்கள் நாய்களுக்குப் பின்னால் வந்து பயனில்லை. இரு பக்கமும் விலகி, முன்னணி நாயைவிட முன்னால் போயிருக்க வேண்டும். பின்னாலிருந்து சவுக்கைச் சொடுக்கினால் நாய் இன்னும் வேகமாக ஓடும். முகத்துக்கு எதிரே சொடுக்கினால்தான் நிற்கும். சாலையில் வண்டியோடு ஒருவர், கையில் ரேடியோ. முதல் புதரைத் தேடும்போதே நெடுஞ்சாலைக்கு முதுகைக் காட்டித் தேட வேண்டும். பாதி விபத்து அந்தத் திசைத் தேர்விலேயே தவிர்ந்துவிடும்.

முள்வேலி
அந்த மீதிப் பாதிதான் என் கவலை. குறுக்கே இன்னொரு கயோட்டி எழுந்தால் கூட்டம் இரண்டாகப் பிரியும். நீங்கள் சொல்லும் விப் அப்போது எந்தப் பாதிக்கு முன்னால் நிற்பார்?

சேணம்
ரெண்டு பேரும் முன்வரிசைக்காரங்க பேச்சு பேசுறீங்க. பின்னால மாஸ்டரை, அதாவது சவாரிக்காரங்களை நடத்திட்டுப் போறவரை, பாத்துக்கிட்டே வர்ற கூட்டத்துல முக்காவாசிப் பேருக்கு ஓடுறது கயோட்டியா சோம்பு எண்ணெயான்னே தெரியாது. அவங்க கீழ விழறது வேற காரணத்துல. கிளம்பிப் பதினஞ்சு நிமிஷத்துல சேணவாரை மறுபடி இறுக்கணும். குதிரை மூச்சை விட்டு உடம்பு தளர்ந்ததும் வார் ரெண்டு துளை தொங்கிரும். பிரெய்ரி நாய் (பேருதான் நாய், வளை தோண்டுற அணில் வகை) வளை இருக்கிற மேட்டுல பாய்ச்சலே கூடாது, ஒத்தை வரிசையில நடைதான். நாய்ங்க பக்கத்துல போனா குதிரை முகத்தை அதுங்க பக்கம் திருப்புங்க, பின்னங்காலை இல்ல. உதைக்கிற குதிரைன்னா வால்ல சிவப்பு ரிப்பன். இது எந்தத் தடத்துக்கும் பொது.

மந்தைக்காரன்
ஆட்டுப் பண்ணைக்காரர்களை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கயோட்டியைக் குறைப்பதும் ஒரு சேவைதானே? துணியை இழுத்தால் அந்த வேலை நடக்குமா?

முள்வேலி
கயோட்டியைத் துரத்தினாலும் அது நடக்காது. 1975இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போட்ட மாதிரிக் கணக்கில், ஆண்டுதோறும் 75 சதவீதத்தைக் கொன்றால்கூட இனம் ஒழிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்றுதான் விடை வந்தது. எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவை அதிகக் குட்டி போடும், காலியான இடத்துக்கு வெளியிலிருந்து வேறு வந்து சேரும்.

கொம்பூதி
மந்தைக்காரரே, தயவுசெய்து அந்த வாதத்தை என் பக்கம் சேர்க்காதீர்கள். ஓடிய நாளில் பெரும்பாலும் கயோட்டிதான் ஜெயிக்கும். ஆட்டைக் காப்பாற்ற வேண்டுமென்றால் மந்தையோடு காவல்நாய் விடுங்கள், இரவில் பட்டியில் அடையுங்கள்.

முள்வேலி
உயிருள்ள இரையை விட்டு இழுத்த தடத்துக்கு மாறலாம் என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே உதாரணம் இருக்கிறது. ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நாய்க்கூட்டம் வைத்துத் துரத்தியது நரியை. வெலிங்டன் ராணுவக் கல்லூரியோடு ஒட்டி அந்தக் குதிரை ஓட்டம் பிறகும் தொடர்ந்தது, நரி இல்லாமல், இழுத்த தடத்தில்.

கொம்பூதி
நல்ல உதாரணம்தான். பக்கத்திலேயே இங்கிலாந்தையும் வையுங்கள். நாய்க்கூட்டத்தை வைத்து நரி வேட்டையாடுவதைத் தடைசெய்த 2004 சட்டம் 2005 பிப்ரவரியில் அமலானது. பல குழுக்கள் நரியின் வாசனையையே இழுத்து 'டிரெயில்' என்றன. நரி வாசனையில் பழகிய நாய், வழியில் நிஜ நரி எழுந்தால் அதன் பின்னால்தான் போகும். அதில் எது தற்செயல், எது வேண்டுமென்றே என்று பஞ்சாயத்து இன்னும் ஓயவில்லை. தடம்தான் முடிவு என்றால் சோம்பு மட்டும். விலங்கின் சிறுநீரைத் தொடவே கூடாது.

முள்வேலி
இதை முழுசாக ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு படி மேலே: ஒரே கூட்டத்தைச் சனிக்கிழமை கயோட்டிக்கும் புதன்கிழமை சோம்புக்கும் ஓட்டுவது இரண்டையும் கெடுக்கும்.

சேணம்
அப்ப வழியில மானு எழுந்தா?

கொம்பூதி
மான் எந்தக் கூட்டத்துக்கும் ஆகாது. நாய்க்குட்டியாக இருக்கும்போதே, அனுபவமுள்ள நாயோடு கழுத்துப்பட்டையில் ஜோடி கட்டி, மான் நடமாடும் இடத்தில் நடத்திப் பழக்க வேண்டும். மானைத் திரும்பிப் பார்த்தால் உடனே அதட்டல். அரை நிமிடம் கழித்து அதட்டினால் எதற்கென்று அதற்குப் புரியாது.